பட்டியில இல்லாத செவலையன்

கள்ளிவலசு, தாராபுரம் பக்கம்
5.3.2024

பிரியமான ராமாமணியக்காவுக்கு நஞ்சம்மா எழுதறதுங்க. நீங்களும் உங்க காப்பகத்துல இருக்கற வாயில்லாத சீவனுகளும் சொகமுங்களா? போன்ல கேக்கலாம், ஆனா அது எப்பவும் எங்கூட்டுக்காரரு சட்டப்பையிலயே கெடக்குது. மூணாப்புப் படிச்ச எழுத்து, கோழி கிளறுனாப்ல இருக்கும், பொறுத்துக்கோங்க.

தையில நீங்க வந்து நாயிகளுக்கு வெறிநாய் ஊசி போட்டுட்டுப் போனீங்கள்ல, இப்பெல்லாம் புள்ளைக பயமில்லாம பள்ளிக்கொடம் போகுதுங்க. வடக்காலூட்டு நாய் மட்டும் வள்ளுன்னு வரும். அது அந்த ஊட்டு வளப்பு, மாமியாளும் மருமகளும் பேசிக்கறதும் அப்புடித்தான். எதையோ சொல்ல வந்து எங்கியோ போறேன்.

அன்னிக்கு உங்க வண்டியில ஏத்திவுட்ட செவலையங் கிடா விசயமுங்க. பையன் கிருபாசங்கர் டெங்குல கெடந்தப்ப, பொழச்சா கிடா வெட்டறேன்னு கருப்பராயனுக்கு வேண்டுனது நாந்தான். பையன் பொழச்சுக் காலேசுக்கும் போயிட்டான். கிடா என்னடான்னா என்ற முந்தானையத் தின்னுட்டே பின்னால வருது. எப்புடிங்க வெட்டக் குடுக்கறது? உங்ககிட்டத் தள்ளிவுட்டுப்போட்டு, பட்டியில கிடாயக் காணமுன்னுட்டேன்.

பழி, ஆடு மேய்க்கற பொங்கியண்ணன் மேல உழுந்துபோச்சு. சந்தையில வித்துப்போட்டாருன்னு எங்கூட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லியாச்சு. பொங்கியண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போனாரு. இப்ப ஒருத்தரும் அவருகிட்ட ஆட்ட வுடறதில்லீங்க.

கிடாயத் திருப்பிக் குடுத்துருங்கக்கா. வழி தப்பிப் போனது கெடச்சுதுன்னு சொல்லிப்போடறேன்.

உங்களயே நம்பியிருக்கற
நஞ்சம்மா


மேட்டுப்பாளையம் ரோடு
12.3.2024

நஞ்சம்மா கண்ணு,

செவலையன் சொகம். வந்ததும் டாக்டரு பாத்து, கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்து, அப்புறந்தான் மத்த ஆடுகளோட வுட்டோம். இப்ப என்ற சேலையத் திங்கறான்.

ஆனா திருப்பித் தர மாட்டேன் கண்ணு. இங்க வந்த உசுர சாகறதுக்குன்னு வெளிய அனுப்பறதில்ல. லாரியில அடிபட்டு இடுப்பொடிஞ்ச நாய் ஒண்ணு வந்துச்சு. ஊசி போட்டு முடிச்சுரலாமுன்னு கொண்டாந்தவங்களே சொன்னாங்க. முடியாதுன்னு வெச்சுப் பாத்தோம். இன்னிக்குச் சக்கரம் கட்டிட்டு சோத்துக்கு மொத ஆளா வருது. ஆராச்சும் வளக்கறேன்னு கூட்டிட்டுப் போனாக்கூட, பின்னாலயே அவங்கூட்டுக்குப் போயிப் பாத்துட்டு வருவோம். உன்ற ஊட்டுக்கு வந்தா அவன் எங்க போவான்னு நீயே எழுதிட்ட.

உள்ளதச் சொல்லிப்போடு. அந்த மனுசன் என்ன பண்ணுனாரு?

ராமாமணி


கள்ளிவலசு
3.4.2024

அக்காவுக்கு,

கருப்பராயன் கோயல் நோம்பி முடிஞ்சுதுங்க. வேற கிடா வாங்கி வெட்டுனாங்க. அதுக்கும் ஒரு முந்தானை கெடச்சிருந்தா தின்னுருக்கும்.

சொல்லிப்போடலாமுன்னுதான் பந்தியில பொங்கியண்ணங்கிட்டப் போனேன். "என்ன அம்மிணி?"ன்னு நிமுந்து பாத்தாரு. "கொழம்புல உப்புப் பத்துதுங்களா?"ன்னு கேட்டுப்போட்டு வந்துட்டேன்.

ஒரு உதவி பண்ணுங்க. பொங்கியண்ணனுக்கு உங்க காப்பகத்துல ஒரு வேலை போட்டுக் குடுங்க. ஒண்டிக்கட்டை, எங்கியும் இருந்துக்குவாரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. கிடாய மட்டும் பின்னால எங்கியாச்சும் மறச்சு வெச்சிருங்க.

நஞ்சம்மா


மேட்டுப்பாளையம் ரோடு
28.4.2024

நஞ்சம்மா,

ஆளனுப்பிக் கூப்புட்டேன், வந்துட்டாரு. செவலையனப் பின்னாலதான் அடச்சு வெச்சிருந்தேன். வாசல்ல நின்னு "ஏனுங்க"ன்னு ஒரு வார்த்தைதான் கூப்புட்டாரு. தடுப்பத் தாண்டி ஓடியாந்து அவரு துண்டப் புடிச்சு இழுக்கறான் உன்ற கிடா.

காதத் தடவிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் சொன்னாரு, "இவன நான் பாத்தேன்னு அம்மிணிக்கு எழுதிப்போடாதீங்க. சங்கடப்படும்."

எழுத வேண்டாமுன்னுதான் இருந்தேன். ஆனா தெனமும் சாயங்காலம் கேட்டுல உக்காந்து, போற வார பஸ்ஸையே பாக்கறாரு. ஊருக்கு ஒருக்காப் போயிட்டு வாங்கன்னேன். "எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க?"ன்னாரு.

ராமாமணி


கள்ளிவலசு
6.5.2024

அக்கா, இத அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.

பொங்கியண்ணனுக்கு நஞ்சம்மா கும்புட்டுக்கறேனுங்க. இன்னிக்குக் காத்தால பால் சொசைட்டியில, ஊரே பால் ஊத்த நிக்கறப்ப, கிடாய ஏத்திவுட்டது நாந்தான்னு சொல்லிப்போட்டேன். அளக்கறவன் அளக்கறத நிறுத்திட்டான். வடக்காலூட்டு மருமக மட்டும் சிரிச்சா. எங்கூட்டுக்காரரு அதுலருந்து எங்கூடப் பேசல. ஆனா சாயங்காலம் பட்டிக் கதவச் சரி பண்ணிட்டு, பட்டியிலயே கெடந்த உங்க தழை ஒடிக்கற தொரட்டிய எடுத்து எறவாணத்துல சொருகி வெச்சிருக்காரு.

நீங்க வரோணும்.

நஞ்சம்மா


மேட்டுப்பாளையம் ரோடு
13.5.2024

நஞ்சம்மா கண்ணு,

படிச்சுக் காட்டுனேன். மறுக்கா ஒருதரம் படிக்கச் சொன்னாரு. தொரட்டின்னு வந்த எடத்துல கண்ணத் தொடச்சுட்டாரு. இப்பெல்லாம் கேட்டுல உக்கார்றதில்ல.

அம்மிணி மேல கோவமில்லைன்னு எழுதச் சொன்னாரு. அப்ப ஊருக்குப் போறீங்களான்னு கேட்டேன். செவலையனுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுட்டே சொன்னாரு:

"இவன வுட்டுட்டு எப்புடிங்க போறது? மறுக்காக் காணாமப் போனா என்னயத்தானுங்களே கேப்பாங்க."

ராமாமணி