ஆறாம் நம்பருக்குப் பக்கத்து வீடு

ஜூன் 4, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து இங்கேயே மூடிவிடுங்கள். படிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். பள்ளி இன்னும் திறக்காததால் நான் வீட்டில்தான் இருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்தவரை அம்மா மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்சுக்கு போன் செய்தாள். நாற்பத்து மூன்றாம் நம்பர் என்றாள். ஆம்புலன்ஸ் நாற்பத்திரண்டையும் நாற்பத்து நான்கையும் கண்டுபிடித்துவிட்டது. அவை எங்கள் குடியிருப்பின் மறு கோடியில் இருக்கின்றன. நடுவில் ஒரு வீடு இருந்தாக வேண்டுமே என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்களாம். சைரன் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கிட்டே வரவே இல்லை.

வெளியாருக்கு இது புரியாது. இந்த இடம் முன்னால் செங்கல் சூளை. சூளையை மூடியபின் பள்ளங்களில் மண்ணைக் கொட்டி மனை மனையாக விற்றார்கள். முதலில் வீடு கட்டிக் குடிவந்தவருக்கு ஒன்று. அடுத்து வந்தவர் எந்தத் தெருவில் கட்டியிருந்தாலும் இரண்டு. இப்படியே அறுபது வரைக்கும் போயிற்று. நாங்கள் ஆறு. எங்களுக்கு ஒரு பக்கம் பத்தொன்பது, மறு பக்கம் நாற்பத்து மூன்று. தண்ணீர் லாரிகூட அந்த வரிசையில்தான் வரும். ஒன்றில் ஊற்றிவிட்டு, இரண்டு தெரு தாண்டிப்போய், மறுபடி இங்கேயே திரும்பும். லாரி ஓட்டுகிற அண்ணன், எங்கள் நகரைச் சுற்றுகிற டீசலில் கடலையே பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பார்.

இதையெல்லாம் அப்பாவிடம் பேசவே முடியாது. "முழங்கால் சேத்துல செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்தவன் நான். நேத்து வந்தவனும் நானும் ஒண்ணா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஜூன் 6, வியாழன்

அம்மா தட்டின் முன்னால் உட்கார்கிறாள், எழுந்துவிடுகிறாள். நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "ஆறாம் நம்பருக்குப் பக்கத்து வீடுன்னு சொல்லியிருக்கலாமே. வெறும் நம்பரைச் சொல்லித் தொலைச்சேனே."

ஜூன் 9, ஞாயிறு

எழுதலாமா? எழுதாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

மத்தியானம் சங்கக் கூட்டம். வழக்கம்போலச் சின்ன நம்பர்கள் மின்விசிறிக்குக் கீழே, பெரிய நம்பர்கள் சுவரோரம். ஐம்பத்தேழாம் நம்பர் பெயின்ட் கடைக்காரர் எழுந்து, இனிமேலாவது தெரு வரிசையில் எண் போடலாம் என்றார். அவர் என் வகுப்புக் குருவியின் அப்பா. (அவள் கொறிப்பதைப் பார்த்து நான் வைத்த பெயர்.) உடனே ஒன்றாம் நம்பர் மாமா, எங்கள் தலைவர், கடையில் சரக்கு தேங்கிவிட்டதா, அறுபது வீட்டுக்கும் பெயின்ட் விற்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தீர்மானத்தை வாசிக்க முடியவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பினார். தெருவில் ஈ காக்கை இல்லை, அப்படி ஒரு வெயில். அத்தை வீட்டுச் சுவருக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் எங்கள் கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய நீல பெயின்ட். முக்கு வீட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, எங்கள் வாசலில் நான்கு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அத்தை வீட்டில் ஐந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

தெருவே அல்லோலகல்லோலம். ஒன்றாம் நம்பர் மாமா எங்கள் தெருவில் ஒன்பதாவது வீடு. காலையில் வாசலைத் திறந்தால் அவர் ஒன்பது! கொஞ்சம் சிரிப்பு வந்தது, பயத்திலும். அவர் அப்பாவிடம் வந்து, பெயின்ட் யார் கையில் இருக்கிறதோ அவன் வேலைதான் என்றார். அப்பா மறுத்துப் பேசவில்லை. எங்கள் வாசல் நான்கை அவரே கம்பி பிரஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நக ஓரத்தில் நீலம். அப்பா மோரை மட்டும்தான் பார்த்தார்.

ஜூன் 12, புதன்

குருவியின் அப்பா ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை ஐம்பத்தேழில் லாரி நிற்காது. சங்கத்தின் முடிவு. அறிவிப்பை எழுதியது அப்பா.

ஜூன் 13, வியாழன்

நிற்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

குருவி பள்ளிக்கு நேற்றைய சீருடையோடு வந்தாள், காலரில் கறுப்புக் கோடு. பக்கத்துப் பெண் மூக்கைப் பிடித்தாள். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "உங்கப்பா அளந்து குடுத்தாரா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் அம்மா? பயமா? எனக்கும்தான் பயமாக இருக்கிறது. அப்பா கத்தினால் பரவாயில்லை, அவர் கத்தவே மாட்டாரே. பேசாமல் இருப்பாரே, மாதக்கணக்கில்.

ஜூன் 15, சனி

சொல்லிவிட்டேன். ஆனால் உண்மையை இல்லை.

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். அது குருவியின் அப்பா இல்லை என்றேன். கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார்.

"பின்ன யாரு?"

"நான்தான்."

கத்தி நின்றுவிட்டது. "என் மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனப்பவா?"

தலையை ஆட்டினேன். அவரே எனக்கு ஒரு நேரத்தையும் கொடுத்துவிட்டார். "நாளைக்குக் கூட்டத்துல இதையே எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றார். பாதி முகத்தில் நுரையோடு அப்படியே நின்றார். அடுப்படியில் அம்மா கைச் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப்பின் நாள் முழுக்க அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

குருவி அங்கே இருப்பாளா?

ஜூன் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். வரிசையாக வரவில்லை.

அப்பா என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். அம்மா. கூட்டத்துக்கு அவள் வந்ததே கிடையாது. சுவரோரம், பெரிய நம்பர்களோடு உட்கார்ந்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை.

"அவ உக்காரட்டும். எழுதினது நான்" என்றாள். "அக்கா என் மடியில கிடந்தாங்க. சைரன் அவங்களுக்கும் கேட்டுச்சு. 'வந்துட்டாங்க, பயப்படாத'ன்னு எனக்குத் தைரியம் சொல்லிட்டே இருந்தாங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளர் வீட்டிலேயே இப்படி என்றால் என்று ஒன்றாம் நம்பர் மாமா இழுத்தார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார். ஐம்பத்தேழுக்கு நாளையிலிருந்து லாரி நிற்கும் என்றார். பிறகு, "ஆறாம் நம்பருக்கு நிக்காது. யாரா இருந்தாலும் விதி விதிதான்" என்றார். அதெல்லாம் வேண்டாம் சார், விடுங்க என்றார் குருவியின் அப்பா. அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இனி இந்த வீட்டில் பேச்சு இருக்காது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவர் கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அத்தை வீட்டில்தான் எண்ணை அழிக்க ஆளில்லாமல் ஐந்து அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பிரஷை வைத்தார், எடுத்தார். எழுந்து முக்கு வரைக்கும் போனார். அங்கிருந்து ஒவ்வொரு கேட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தார், உதடு அசைந்தது. எங்கள் கேட்டைத் தாண்டி அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றவர் இருட்டும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது பிரஷில் ஒரு பொட்டு நீலம் இல்லை.

அம்மா இருக்கிற வாளிகளிலெல்லாம் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டாள். சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் அம்மா மறுசோறு போட்டபோது அப்பா தட்டை நகர்த்தவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? அவர்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், நேரே உள்ளே வந்துவிடுவாள். அப்பா குரல். மெதுவாக. "முழிச்சிருக்கியாம்மா? முக்குலேர்ந்து எண்ணினா நம்ம வீடு நாலுதான—"