நர்ஸ் கேட்டா நீ வாயைத் திறக்காதே

தம்பி,

அப்பாவுக்கு சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் கொடு. உனக்கு ஒண்ணும் செய்யலை. கை கால் நல்லாத்தானே இருக்கு.

காலையில நர்ஸ் வருவாங்க. "மனசு எப்படி இருக்குய்யா?"ன்னு அப்பாவைத்தான் கேட்பாங்க. போன தடவை மாதிரி, "அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார், மாத்திரை அசதிதான்"னு முந்திரிக்கொட்டையா முந்தாதே. புற்றுநோய் அவருக்கு, உனக்கில்லை. ரேடியோவே வேண்டாம்னு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது அசதியா? அவங்க வந்ததும் நீ வெளியே போ. கதவைச் சாத்திட்டுப் போ.

சாவி பூந்தொட்டிக்கு அடியில.

அக்கா

கோபம் வந்தா வரட்டும், இதையும் தெரிஞ்சுக்கோ. நீ கடைக்குக் கிளம்பினதும் அப்பா, "அவன் போயிட்டானா?"ன்னு கேட்பார். போயிட்டான்னு நான் சொன்னப்புறம்தான் அழுவார்.