சின்னவன் விழுந்தானா?

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வழக்கம்போலக் கை ஓடுகிறது, நான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், உன் தம்பி அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான், அதனால் இதை எழுதி அப்பாவை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

சின்னவனுக்கு முட்டிக்கு மேலே வீக்கம் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஊசியை விட்டு எலும்பில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். எலும்பை அப்படியே சீவ முடியாதாம், மருந்தில் ஊறப்போட்டு, இளகிய பிறகுதான் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்களாம். அது இளகுகிற வரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று அதைச் சோதிக்கிற டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்கே கூப்பிட்டு, மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக, நடுவில் ஊதாப் புள்ளிகள், புடவைக்கு எடுக்கலாம் போல அழகாக இருந்தது, அதனாலேயே சட்டென்று கண்ணை எடுத்துவிட்டேன். அந்தப் புள்ளிகள் அவசர அவசரமாகப் புது எலும்பு கட்டுகின்றனவாம். புற்றுநோய்க் கட்டியிலும் இப்படி இருக்குமாம், அடிபட்டு விரிசல் விட்ட எலும்பு ஆறும்போதும் சில இடங்களில் இப்படியே இருக்குமாம். எக்ஸ்ரேயும் எந்தப் பக்கமும் சாயவில்லை. "சமீபத்துல எங்கேயாவது விழுந்தானா, நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க, அது மட்டும் போதாது, ஆனா அது தெரியாம நான் எதையும் எழுத மாட்டேன்" என்றார். கட்டி என்றால் கடுமையான மருந்து, அப்புறம் கால், எனக்கு மேலே எழுத வரவில்லை.

கேட்டோம். இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். இன்னொரு தடவை என் பைக்கைத் தொட்டால் என்னோடு பேசாதே என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். என்ன சந்தேகப்படுகிறார்கள் என்று அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் பயத்தில் விழாதவனும் விழுந்தேன் என்பான், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு மாதம் முன்பு ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்து "ஷூ கடிக்குதும்மா" என்றான், அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு அவ்வளவு நேரம் பேசினான். இரண்டும் சேர்ந்து என்ன திருட்டுத்தனமோ என்று நானும் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். உங்கள் அப்பா இன்று காலையில் பைக்கைத் துடைக்கிற சாக்கில் கீறல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார், எது பழைய கீறல் எது புதியது என்று அவருக்கே தெரியவில்லை.

அவன் ரகசியம் எதையும் நீ என்னிடம் சொன்னதில்லை, இந்த ஒன்றைச் சொல். யாரும் திட்ட மாட்டோம். ஆனால் எங்களுக்காகப் பொய் சொல்லிவிடாதே கண்ணு, விழவில்லை என்றால் விழவில்லை என்றே எழுது. தீர்க்காயுசாக இருங்கள் இரண்டு பேரும். நேரத்துக்குச் சாப்பிடு, பார்த்தவுடன் பதில் போடு.

பெற்ற பிள்ளை விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா