ஆறாம் தாளில் ஒரு சொட்டுப் பசை

அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கவரை ஒட்டுவதற்காக இன்று காலை பசை டப்பாவைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. செத்துப்போன மனுஷன் மேல் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கென்ன, உன் கதைகளைத் தேடி இந்த வெயிலில் பஸ் ஏறி இறங்கியவன் நான்தானே.

எழுதுகிற எவனும் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்னொன்றை வெளியே கொடுப்பான். நீ மட்டும்தான் இருக்கிற ஒரே கையெழுத்துப் பிரதியை, கதைக்கு ஒருத்தராகப் பார்த்து, "படிச்சுட்டு குறை சொல்லுங்க" என்று ஊர் ஊராகத் தூக்கிக் கொடுத்தாய். பெரம்பலூர் டெப்போவில் இருபது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தாய். வாசலைத் தாண்டினால் ஜெராக்ஸ் கடை. கேட்டால் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தாய். "ஜெராக்ஸ்னா மூலையில போட்டுருவாங்கய்யா. கையெழுத்துன்னா தொலைஞ்சிருமோன்னு பயந்துகிட்டே படிச்சிருவாங்க." அந்தத் தத்துவம் எந்த லட்சணத்தில் பலித்தது என்று கேள்.

முதலில் உன் நினைவுக் கூட்டத்தைச் சொல்கிறேன். நம் இலக்கிய வட்டம் உனக்குத் தெரியாததா. இரண்டாவது ஞாயிறு ஒரு மாதம் பெரம்பலூர், மறு மாதம் அரியலூர், அதே பதினைந்து பேர், அதே வடை. ஃபிளக்ஸில் உன் முகத்தை விட வரவேற்புரை நிகழ்த்தியவர் முகம் பெரிதாக இருந்தது. பதின்மூன்று பேர் பேசினார்கள். "அருமையான படைப்பாளி" என்று பதின்மூன்று பேரும் சொன்னார்கள். உன் கதை ஒன்றின் பெயரையாவது ஒருத்தர் சொல்லவேண்டுமே! பேசி முடித்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை வேறு. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். உன் வருஷத் திதிக்குள் கதைகளைப் புத்தகமாகக் கொண்டுவருவதாக நான் மைக்கில் சொன்னேன். உடனே கைதட்டினார்கள். உதவிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

மறுவாரம் உன் மனைவி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணே, எந்தக் கதை யாருகிட்ட இருக்குன்னு இதுல எழுதி வெச்சிருக்காரு. ஒரு புக்காச்சும் வரணும்ணே. எழுதி என்னத்தக் கண்டீங்கன்னு நானே எத்தனையோ தடவை கேட்டுருக்கேன்" என்றார். ஒன்பது கதை, எட்டுப் பெயர். எட்டுப் பேருக்கும் ஊரோடு எழுதியிருந்தாய். ஒன்பதாவது வரியில் மட்டும் வெறுமனே 'நண்பன்'. பெயர் எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா?

பூலாம்பாடிக்குத்தான் முதலில் போனேன். தையல் கடை வைத்திருக்கிற அந்தக் கவிதைக்காரம்மா கதையைத் துணிப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். ஓரம் முழுக்க சிவப்புப் பேனா. "வெங்காயத்தைப் புடுங்குன அன்னைக்கே பட்டறை போட்டு அடுக்கி மூடிட்டாங்கன்னு எழுதியிருந்தாரு சார். காயாம போட்டா அழுகிப் போயிரும்ல? சொன்னேன். இந்தா, இந்த ஸ்டூல்லயே உக்காந்து திருத்திக் குடுத்துட்டுத்தான் போனாரு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்றைக் காட்டினார். ஆறாம் தாளின் ஓரத்தில் காய்ந்துபோன பசைத் தடம். "ஆறையும் ஏழையும் ஒரு சொட்டு வெச்சு ஒட்டித்தான் குடுப்பாரு. பிரிச்சாத்தானே மேல படிக்க முடியும்? பிரிக்காம அருமைன்னு சொன்னா அவருக்குத் தெரிஞ்சிரும் சார்."

இருபது வருஷப் பழக்கம், என்னிடம் நீ இதைச் சொன்னதே இல்லை. திருட்டுப் பயல்!

அதன்பின் போன இடமெல்லாம் முதலில் ஆறாம் தாளைத்தான் பார்த்தேன். சிறுவாச்சூரில் கோயில் வாசலில் தேங்காய் பழக் கடை போட்டிருக்கிறாரே, கூட்டத்துக்குக் கூட்டம் உன்னைப் புகழ்ந்து அரைமணி நேரம் பேசுவாரே, அவர் தாளில் பசை அப்படியே இருந்தது. "கோயில் தெறக்குற திங்களும் வெள்ளியும் யாவாரம் சார். மத்த நாள்ல அந்த அலுப்பு தீரத் தூங்கிருவேன்" என்றார். ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி இன்னும் ஒருபடி மேல். உன் கதையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, முதல் தாளில் குங்குமம் இட்டு வைத்திருந்தார். "அவரு கையெழுத்தாச்சுங்களே, தினமும் சாம்பிராணி காட்டுறேன்." படித்தீர்களா என்றேன். "அதை எப்படிங்க சும்மா சும்மா தொடுறது?" என்கிறார். உன் தத்துவம் இப்படியும் பலித்திருக்கிறது, பார்.

எட்டையும் வாங்கிவிட்டேன். பசை பிரிந்திருந்தது மூன்றில்தான். பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் இந்த ஊர்களையும் இதன் இலக்கியத்தையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது மட்டும் அகப்படவில்லை. யாரய்யா அந்த நண்பன் என்று டெப்போவில் விசாரித்தேன், வட்டத்தில் விசாரித்தேன். எனக்குத் தெரியாமல் உனக்கு அப்படி ஒரு நண்பனா என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவனும் படித்திருக்கமாட்டான் என்று உன் மனைவியிடம் அடித்துச் சொன்னேன்.

நேற்று மதியம் பீரோவின் அடித்தட்டைக் குடைந்தேன். என் நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. முந்நூறு பக்கத்தையும் நான்கு முறை படித்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் என்னோடு சண்டை போட்டு, பென்சிலால் கிறுக்கித் தள்ளியிருந்தாயே, அதுதான். அதன் அடியில் ஒரு பழுப்புக் கவர். உள்ளே உன் ஒன்பதாவது கதை.

அப்போதுதான் அரியலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஞாபகம் வந்தது. எட்டு வருஷம் இருக்கும். "படிச்சியாய்யா?" என்று கேட்டாய். "கடைசியில கண்ணு கலங்கிருச்சுய்யா" என்றேன். நீ என் கையிலிருந்து கதையை வாங்கி, கட்டை விரலால் ஒருமுறை தாள்களைத் தள்ளிப் பார்த்தாய். பிறகு என்னிடமே நீட்டினாய். "உங்கிட்டயே இருக்கட்டும். நேரம் கெடைச்சா இன்னொருக்கா படி." அவ்வளவுதான். பிறகு என் நாவலின் ஏழாவது அத்தியாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். தெரிந்தும் அந்த நோட்டில் 'நண்பன்' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? திட்டியிருக்கலாமே. என் நாவலைத் தூக்கி என் முகத்தில் அடித்திருக்கலாமே. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

பசையை நகத்தால் கீறிப் பிரித்தேன். தாள் லேசாகக் கிழிந்து இரண்டு எழுத்து போய்விட்டது. நேற்றே உட்கார்ந்து படித்தேன். சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு நிலம் தர மறுக்கிற அந்தப் பெரியம்மா கதை. ஆறு தாள் வரை உன் கை சோடையே போகவில்லை. இரவல் பேனாவோடு கையெழுத்து வாங்க வருகிறவனை அவள் விரட்டுகிற இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். ஏழாவது தாளில்தான் கெடுத்துவிட்டாய்.

இன்று அச்சகத்துக்கு ஒன்பதும் போகிறது. பூலாம்பாடியம்மா திருத்த வைத்தது திருந்திய மாதிரியே வரும். பெரியம்மா கதை நீ விட்டுப்போன மாதிரியேதான் வரும், அதில் கைவைக்க எனக்கு யோக்யதை இல்லை. புத்தகத்தைப் படிக்கிற யாராவது அந்தக் குறையைப் பிடிப்பார்கள். ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார் என்று உன்னைத்தான் சொல்வார்கள்.

படித்துவிட்டேனய்யா. அந்தப் பெரியம்மா அப்படி ஒரே பேச்சில் சம்மதிக்கமாட்டாள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் டீயை ஆறவிட்டுவிட்டு அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து திருத்தியிருப்பாய்.