பாயான் பாரு கம்பெனி போட்ட தண்ணீர்ப் பந்தல்

ஜன. 26, திங்கள்
மண்டையைப் பிளக்கும் வெயில். தைப்பூசத்துக்கு வழக்கமாகப் பாலும் கூடாரமும் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். நான் பந்தல் போடாவிட்டால் பினாங்கே தாகத்தில் சாகும். இடத்தையும் வேறு கோஷ்டி பிடித்துக்கொள்ளும்.

மாலையில் பாயான் பாருவில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண். கவிதா, எச்.ஆர்.

"சமூகப் பொறுப்புத் திட்டம் அங்கிள். எல்லாம் எங்க ஸ்பான்சர். பிளாஸ்டிக் கப் மட்டும் கூடாது. கழுவுற கப்தான்."

"யாரும்மா கழுவுறது? உங்க மேனேஜரா?"

"ஆள் அனுப்புறோம் லா."

சமூகப் பொறுப்பாம்! இத்தனை வருடம் லோரி லோரியாகப் பெட்டி ஏற்றியவர்களுக்கு இப்போதுதான் சமூகம் கண்ணில் பட்டிருக்கிறது. சரி என்றேன். வேறு வழி? கம்பெனிக்காரி என் காலில் விழாத குறை என்று பொண்டாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜன. 29, வியாழன்
மழை. பேனர் வந்தது. கம்பெனி பெயர் லோரி அளவு. முருகன் தபால்தலை அளவு. என் பெயரே இல்லை. கேட்டால், "டிசைன் ஹெட் ஆபீஸ்ல அங்கிள்." முருகனையே சுருக்கியவர்கள், நான் எம்மாத்திரம்.
வாங்க வேண்டியது: ஏலக்காய், கயிறு, மூட்டுவலித் தைலம்.

பிப். 1, ஞாயிறு. பூசம்.
பச்சை டி-சட்டையில் கம்பெனி ஆட்கள். வீட்டில் தட்டுக் கழுவாத கூட்டம் என்று நினைத்தேன். மேசை போட்டு ஒருவர் சோப்பு, ஒருவர் அலசல், ஒருவர் துடைப்பு. தொழிற்சாலையில் நிற்கிற மாதிரியே வரிசை. சீன மேனேஜர் கால்சட்டையை மடித்துக்கொண்டு அலசினார். கப்புக்குத் தட்டுப்பாடே இல்லை. மற்றப் பந்தல்களின் முன்னால் கணுக்கால் வரை குப்பை. நம் வாசல் சுத்தம்.

"பாத்தீங்களா, நல்லாத்தானே செய்றாங்க," என்றாள் பொண்டாட்டி. கொதிக்கிற பாலை ஊற்றியவன் நான். அதை யார் பார்த்தார்?

பக்கத்துப் பந்தல்காரர் வந்தார். "அண்ணே, யாரு ஐடியா இது?"

என்னுடையது என்றேன். ஜப்பானில் பயிற்சி எடுத்ததாகவும் சொன்னேன். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜுருவைத் தாண்டாத கதை அவருக்கு எதற்கு.

பிப். 4, புதன்
புழுக்கம். கவிதா படங்கள் அனுப்பினாள். கப் கழுவியது ஒன்றிலும் இல்லை. படத்துக்காக என் கரண்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டு மேனேஜர் சிரிக்கிறார். ஓரத்தில் என் முழங்கை.

கீழே ஒரு செய்தி: "அடுத்த வருஷம் அந்த இடத்த கம்பெனி பேர்லயே கேக்கப் போறோம் அங்கிள். நீங்க வாலண்டியரா வாங்க. டி-சட்டை தருவோம். சைஸ் சொல்லுங்க."

என் இடம். என்னையே கூப்பிடுகிறார்கள்.

போங்கடா என்று எழுதினேன். அழித்தேன். பாலுக்குச் சர்க்கரை அளவு இவர்களுக்கு என்ன தெரியும்? அத்தனை சனமும் வெறும் பாலைக் குடிக்கட்டுமா?

எக்ஸ்எல் என்று அனுப்பினேன்.