பட்டுக் கைக்குட்டை கேட்ட மகனுக்கு

டிராய் நகரம், 1856 மார்ச் 9

அன்பு மகன் டெர்மட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கை நெல்லும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையாலேயே எழுதியிருந்தால் நம்பியிருப்பேன், வேறு யாரோ முத்து முத்தாக எழுதியிருக்கிறான். பெட்டி விழுந்து விரல் நசுங்கியதாம். எந்தப் பெட்டி, எந்த விரல், இரண்டு கையிலுமா? நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் பஞ்சு மூட்டை தூக்குகிறேன் என்கிறாய், மூட்டை தூக்குகிறவனுக்குப் பச்சைப் பட்டுக் கைக்குட்டை எதற்கடா? உன் அப்பாவும் இதே மாதிரிக் கைக்குட்டைதான் கேட்டு வாங்குவார், குத்துச்சண்டைக் களத்துக் கம்பத்தில் தன் அடையாளமாகக் கட்ட. என் காதில் பூ சுற்றாதே. எலும்புக்கும் காசு கேட்கிற கறிக்கடை ஹான்ராட்டி, போன சனிக்கிழமை நல்ல தொடைக்கறியாக வெட்டிக் கொடுத்துவிட்டு, "பையன் கை எப்படிம்மா இருக்கு? அந்த லிவர்பூல்காரன் மூக்குல ஒண்ணு விடட்டும், தெருவே காத்துக் கெடக்கு" என்றான். எந்த லிவர்பூல்காரன் என்று கேட்டதும் கத்தியைத் துடைக்கப் போய்விட்டான். நெல்லோ செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, தொப்பி விளம்பரம்" என்கிறாள். ஊரே சேர்ந்து என்னிடம் மறைக்கிறது. அங்கே சதுப்புக் காற்று பொல்லாதது, வெறும் வயிற்றோடு வெளியே போகாதே.

உன் அப்பா காய்ச்சலில் போனார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அது பொய். ஆற்றங்கரையில் முப்பத்தெட்டாவது சுற்றில் விழுந்தார். விழுந்தவன் அரை நிமிடத்துக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் தோற்றான். இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன, கோடு எங்கே என்றே அவருக்குத் தெரியவில்லை. கூட வந்த ஆட்களே போதும் என்றார்கள். நான்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் படகில் நின்று "எந்திரிங்க, எந்திரிங்க" என்று கத்தினேன். என் குரல் வந்த பக்கம் பார்த்து எழுந்து நின்றார். அடுத்த அடியில் போய்விட்டார். பதினாறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை.

போகாதே என்றால் கேட்க மாட்டாய். தேவமாதா உன்னைக் காக்கட்டும், ஞாயிறு பூசையை விடாதே. விழுந்தால் அப்படியே படுத்துக்கொள் டெர்மட். யார் கத்தினாலும் எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒனோரா டூலன்