4.50 வண்டியில் ஏறியவர்கள்

2023 ஜூன் 12, திங்கள்

இன்று முதல் பஸ்ஸில் ஆள் எண்ணுகிற வேலை. கடற்கரையில் இருக்கும் எங்கள் துறையிலிருந்து கருங்கல் வழியாகக் குழித்துறைக்குப் போகும் காலை 4.50 வண்டி என் பொறுப்பு. கம்பெனி கொடுத்த அட்டையில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது: ஏறியவர்கள், இறங்கியவர்கள், நின்றவர்கள். ஓரத்தில் கொரோனாவுக்கு முந்தைய 2019 கணக்கை அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். இந்த வண்டிக்கு 61. இன்று ஏறியது ஒன்பது பேர்.

மஸ்கட்டில் பதினான்கு வருடம் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கலாம். கொரோனா விமானத்தில் வந்து இறங்கி மூன்று வருடம் சும்மா இருந்த பிறகு, கழுத்தில் அட்டை தொங்குவதே பெரிய காரியம். என் பெண்டாட்டி லீமா சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது சுடச்சுடக் கஞ்சியும் பயறும். காலையில் அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்து எத்தனை நாளாயிற்று! சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூன் 16, வெள்ளி

ஐந்து நாள் கணக்கு முடிந்தது. 9, 7, 11, 8, 8. அட்டைகளைக் குழித்துறை ஆபீசில் ஒப்படைத்தேன். திட்டத்துக்குப் பொறியாளர் ஷைஜா என்றொரு பெண். சுறுசுறுப்பானவள். கொரோனாவுக்குப் பிறகு ஆளாளுக்கு ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள், குழித்துறைப் பாலத்தில் புகையில் நிற்க முடியவில்லை, இனி குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு ஒரு மின்பேருந்து ஓடும் என்று படம் காட்டி விளக்கினாள். ஆள் ஏறாத தடங்களில் ஓடும் பழைய டீசல் வண்டிகளை நிறுத்தி, அந்த ஓட்டுநர்களை இதற்கு எடுப்பார்களாம். நல்ல காரியம்தான்.

"அண்ணே, அடித்தல் திருத்தல் இல்லாத்தது ஒங்களுக்க அட்டை மட்டும்தான்" என்றாள். வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. "தொற்றுக்குப் பிறகு பயணிகள் மீளாத தடங்கள்" என்ற தலைப்பில் மூன்றாவதாக எங்கள் 4.50. செப்டம்பர் ஒன்று முதல் கிடையாது.

லீமாவிடம் சொன்னேன். மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "நாப்பது பொம்பளையளு சருவத்த மடியில வச்சிட்டு நெருக்கி அடிச்சுப் போறோம். எவனுக்க கண்ணுல அந்த வண்டி காலி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எண்ணியது ஜூன் மாதம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. பேரலையோடு கடல் அடி வேறு, வள்ளங்களைக்கூடக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மீன் இல்லாமல் மீன்காரி எதற்கு வண்டி ஏறுவாள்? ஆகஸ்டில் படகு போனதும் எல்லாரும் ஏறினார்கள். அதை யார் எண்ணினார்கள்?

வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். நான் இந்தத் துறையில் பிறந்தவன். என் பெண்டாட்டி கருங்கல் சந்தையில் பன்னிரண்டு வருடமாக மீன் விற்கிறவள். அவள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எழுந்து போய், அவள் இல்லாத வண்டியைப் பார்த்து ஒன்பது என்று எழுதினேன். திரும்பி வந்து கஞ்சியும் குடித்தேன். ஏலே பெனிட்டோ, ஒனக்கப் புத்தி எங்கலே போச்சு?

எண்ணியது நான் என்று அவளிடம் சொல்லவில்லை; பஸ் கம்பெனியில் ஏதோ வேலை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். யார் எண்ணினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

4.50 வரவில்லை. பெண்கள் ஐந்தேகால் வரை சருவங்களோடு நின்றார்கள். அப்புறம் கிளீட்டஸின் டெம்போவில் ஏறிப் போனார்கள். அது ஐஸ் கட்டி ஏற்றுகிற டெம்போ.

செப்டம்பர் 4, திங்கள்

ஷைஜாவைப் பார்த்தேன். தடைக்காலம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஊர் மலைப்பக்கம், கடல் கணக்கு தெரியாது. தெரிந்த நான்தான் வாயைத் திறக்கவில்லை.

"ஆறேகால் வண்டில போலாமில்லியா?" என்று கேட்டாள்.

"அதுல காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ்காரங்களும். மீன் நாத்தம்னு ஏத்தமாட்டாவ. ஏத்தினாலும் சந்தை முடிஞ்சிரும்."

மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "எண்ணுனது தப்பான காலத்துலன்னு நீங்க எழுத்துல தாங்க. மறுபடி எண்ணணும்னு நான் மேல அனுப்புதேன். ஆனா ஒண்ணு அண்ணே. ஒங்களுக்க மத்த அட்டைகளும் சந்தேகத்துல ஆவும். சூப்பர்வைசர் வேலைக்கு ஒங்க பேரத்தான் எழுதியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒரு பக்கம். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். நாளை கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

கடுதாசி பையில்தான் இருக்கிறது. திங்கள்கிழமை கொடுக்கலாம்.

செப்டம்பர் 13, புதன்

சூப்பர்வைசர் உத்தரவு வந்துவிட்டது. களியக்காவிளைப் பகுதி முழுக்க என் பொறுப்பு. மின்பேருந்துக்குக் கொடி அசைத்தார்கள், மரக்கன்று நட்டார்கள். நட்ட இடம் பஸ் திரும்புகிற இடம். ஒரு வாரம் தாங்காது. ஆனால் வண்டி அருமை. சத்தமில்லை, புகையில்லை. சந்தைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் பையில் இருந்த கடுதாசியின் நினைவே எனக்கு வரவில்லை. பொய் எழுதக் கூடாது. வந்தது. தள்ளிவிட்டேன்.

லீமா டெம்போவில் நின்றுகொண்டே போகிறாள். சருவத்துக்கு நடுவில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையெல்லாம் மீன் தண்ணீர். "வழுக்குமே" என்றேன். "வழுக்கத்தான் செய்யும்" என்றாள். நான் சொன்ன புத்திமதி: கயிற்றை நல்லாப் பிடி. பெரிய சூப்பர்வைசர்!

செப்டம்பர் 25, திங்கள்

ஜெனோவா செத்துப்போனாள்.

கருங்கலுக்கு முந்தின வளைவு. மழை. குறுக்கே வந்த பைக்குக்காகக் கிளீட்டஸ் பிரேக் போட்டிருக்கிறான். சருவங்கள் எல்லாம் ஒன்றாகச் சறுக்கிப் பின்னால் நின்றவர்கள் மேல் மோதி — நான்கு பேர் ரோட்டில். பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் கடைசி சீட்டில் லீமாவோடு ஒட்டி உட்கார்ந்து போனவள் ஜெனோவா. விழுந்தபோதும் பக்கத்தில்தான். லீமாவுக்கு வலது தோள் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "ஜெனோவா எந்த வார்டுல?"

மாதாவே, நான் என்ன சொல்ல?

செப்டம்பர் 27, புதன்

அடக்கம் முடிந்தது. நேராகக் குழித்துறைக்குப் போய்க் கடுதாசியைக் கொடுத்தேன்.

ஷைஜா படித்தாள். தேதியைப் பார்த்தாள். "நாலாம் தேதி எழுதுனதா?"

"ஆமா."

கீழே இன்றைய தேதி முத்திரையைக் குத்தினாள். இரண்டு தேதிக்கும் நடுவில் இருபத்து மூன்று நாள். ஏதாவது திட்டியிருக்கலாம்.

கிளீட்டஸைப் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது. துறையில் எல்லாரும் அவனைச் சபிக்கிறார்கள். என்னிடமும் வந்து சபிக்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

லீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணியது நான். தடைக்காலத்தில் எண்ணியது நான். கடுதாசியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததும் நான். இடது கையால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் வீட்டுலல்லா இருந்தேன்" என்றாள். "ஒங்களுக்குக் கஞ்சி வெளம்புனேனே. அப்பவும் தோணல்லியா?"

"தோணல்ல."

"கடுதாசிய எழுதுன அன்னைக்கே குடுத்திருந்தா ஜெனோவா இருப்பாளா?"

"தெரியல்ல லீமா."

"தெரியும்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 19, வியாழன்

கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரிதான்.

நவம்பர் 24, வெள்ளி

கட்டு பிரித்தார்கள். கை தோளுக்கு மேல் இனித் தூக்காது என்கிறார் டாக்டர். சருவம் சுமப்பதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வரும் வழியில் கருங்கல் சந்தையில் இறங்க வேண்டும் என்றாள். அவள் உட்கார்ந்து விற்ற இடத்தில் ஐஸ் பெட்டி கட்டிய பைக் ஒன்று நிற்கிறது. பக்கத்திலும் பைக். டெம்போவில் ஏறப் பயந்து பெண்கள் வீட்டில் நின்றுவிட்ட இரண்டு மாதத்தில் பைக்குக்காரர்கள் வீடு வீடாகப் போய் வாடிக்கையைப் பிடித்துவிட்டார்கள். பைக்குக்காரன் ஒருவன், "அக்கா, கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். "கொள்ளாம் மக்கா" என்றாள்.

2024 ஜனவரி 8, திங்கள்

4.50 திரும்ப வந்துவிட்டது!

நான்கு வாரத்துக்கு வெள்ளோட்டம். ஷைஜா என் கடுதாசியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறாள். வந்தது மின்பேருந்து. பின்பக்கம் சீட்டை எடுத்துச் சருவம் வைக்கத் தகடு அடித்து, தண்ணீர் வடியத் துளையும் போட்டிருக்கிறார்கள். கடற்கரைக்கென்று இப்படி ஒரு வண்டியை நான் மஸ்கட்டிலும் பார்த்ததில்லை. எண்ண வந்திருப்பது லிஜா என்றொரு பெண். இன்று ஏறியவர்கள் பதினொன்று. இருபத்தைந்து வந்தால் வண்டி நிலைக்கும் என்றாள்.

ஜனவரி 20, சனி

ஐந்து. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "சந்தையில இருக்க இடம் எங்க அண்ணே?" என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் முந்திரி ஆலைக்குப் போகிறார்கள். ஒருத்தி மகளிடம் போய்விட்டாள். ஜெனோவாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது.

இப்போது தடைக்காலம் இல்லை. கடல் அமைதி. மீன் நிறைய. கணக்கு சரியான கணக்கு.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று ஏறியவர்கள் இரண்டு. லிஜா எழுதியதை எட்டிப் பார்த்தேன். நல்ல பெண், அடித்தல் திருத்தல் இல்லை.

வீட்டுக்கு வந்தால் லீமா விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றரைக்கு விழிப்பது அவளுக்கு இன்னும் போகவில்லை. பழைய வண்டி என்றால் வளைவில் வரும்போதே உறுமல் கேட்கும். இது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விடுகிறது.

"வண்டி போயாச்சா?"

"போயாச்சு."

"எத்தன பேரு?"

அக்டோபருக்குப் பிறகு அவளாக என்னிடம் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"இருபத்தாறு" என்றேன்.

"அப்ப நிறுத்தமாட்டானுவ" என்று சொல்லி, இடது கையால் எனக்குக் கஞ்சி ஊற்றினாள்.

நாளையோடு வெள்ளோட்டம் முடிகிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.